சட்டத்தோடு வாதாடிய தாய்: கேரோலைன் நார்ட்டன்

1831ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் போலீஸ் நீதிமன்றம் ஒன்றுக்குப் புதிய மாஜிஸ்திரேட் நியமிக்கப்பட்டார். பெயர் ஜார்ஜ் நார்ட்டன். ஆண்டுச் சம்பளம் 1,000 பவுண்டு. திருட்டு, குடிபோதைச் சண்டை, அடிதடி என்று வரும் வழக்குகளை விசாரித்துத் தண்டனை கொடுப்பது அவர் வேலை. அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தவர் அவருடைய மனைவி கேரோலைன். அந்த மனைவியைத்தான் திருமணமான சில மாதங்களிலிருந்தே அவர் அடித்து வந்தார்.

குடும்ப வன்முறை என்றதும் போலீஸ் புகார், பாதுகாப்பு ஆணை, சிறைத் தண்டனை ஆகியவைதாம் நம் நினைவுக்கு வரும். கேரோலைன் நார்ட்டனின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் சட்டங்களைப் புரட்டினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அவற்றின் மையத்தில் அடி உதை இல்லை. ஒன்று பிள்ளைகளைப் பற்றியது, இன்னொன்று மணவிலக்கைப் பற்றியது, மற்றொன்று சம்பாத்தியத்தைப் பற்றியது. அடிபட்ட ஒரு பெண் ஏன் இவற்றுக்காகப் போராடினார் என்பதுதான் அவர் வாழ்க்கையின் கதை.

கேரோலைன் 1808ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தாத்தா ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடன் ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் அறிந்த நாடக ஆசிரியர். நாடாளுமன்றத்தில் பெயர் பெற்ற பேச்சாளரும்கூட. புகழ் இருந்த அளவுக்கு அந்தக் குடும்பத்தில் பணம் இல்லை. கேரோலைனுக்கு ஒன்பது வயதானபோது தந்தை தாமஸ் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். ஏழு பிள்ளைகளோடு நின்ற தாய்க்கு ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் தங்க இடம் கிடைத்தது. அரண்மனை வாசம் என்றாலும் அது தயவில் கிடைத்த வீடுதான்.

ஹெலன், கேரோலைன், ஜார்ஜியானா என்று மூன்று சகோதரிகள். மூவருமே அழகுக்கும் பேச்சுக்கும் பெயர் பெற்றவர்கள். மூத்தவர் ஹெலனின் மகன்தான் பின்னாளில் இந்தியாவின் வைஸ்ராயாக வந்த டஃபரின் பிரபு. சீதனம் கொடுக்க வழியில்லாத வீட்டில், வரும் வரனை விட்டுவிட முடியாது. கிராண்ட்லி பிரபுவின் தம்பியும் வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜார்ஜ் நார்ட்டன் பெண் கேட்டார். 1827ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் திருமணம் நடந்தது. மணப்பெண்ணுக்கு வயது 19.

இனி நடந்ததைக் கேரோலைனே பின்னாளில் அச்சிட்டு ஊரறிய வெளியிட்டார். திருமணமான புதிதில் ஏதோ ஒரு பேச்சுக்குக் கணவர் காலால் உதைத்தார். இன்னொரு நாள் மைக்கூட்டையும் மேசைமேல் இருந்த சட்டப் புத்தகங்களையும் தூக்கி அவர் தலையை நோக்கி வீசினார். மற்றொரு நாள் கொதிக்கும் தேநீர்க் கெண்டியை எடுத்து மனைவியின் கையின் மேல் வைத்து அழுத்தினார். சட்டப் புத்தகத்தை ஆயுதமாக்கி மனைவிமேல் எறிந்தவரே சில ஆண்டுகளில் மாஜிஸ்திரேட் நாற்காலியில் அமர்ந்தார் என்பதை எந்த நாவலாசிரியராவது எழுதியிருந்தால், மிகைப்படுத்துகிறார் என்றுதான் சொல்லியிருப்போம்.

வழக்கறிஞர் என்ற பெயர்தான் இருந்ததே தவிர ஜார்ஜுக்குத் தொழிலில் வருமானம் குறைவு. கேரோலைன் பேனாவை எடுத்தார். 1829இல் முதல் கவிதை நூல் வந்தது. அடுத்த ஆண்டே இன்னொன்று. பத்திரிகைகளுக்கு எழுதினார், இதழ்களின் ஆசிரியராக இருந்தார். குடும்பச் செலவில் பெரும்பகுதி அந்த எழுத்திலிருந்துதான் வந்தது. ஃபிளெச்சர், பிரின்ஸ்லி, வில்லியம் என்று மூன்று மகன்கள் பிறந்தார்கள். கணவருக்கு நிரந்தரமான வேலை ஒன்று கிடைத்தால் வீட்டில் அமைதி வரும் என்று எண்ணி, அப்போதைய உள்துறை அமைச்சர் மெல்போர்ன் பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ஷெரிடன் குடும்பத்தை அறிந்தவர் அவர். வேலை கிடைத்தது, அமைதிதான் வரவில்லை.

1835ஆம் ஆண்டில் கர்ப்பிணியாக இருந்தபோது அடிபட்டு உறவினரிடம் தஞ்சம் புகுந்தார். கரு கலைந்தது. ஜார்ஜ் மன்னிப்புக் கேட்டார், உறவினர்கள் சமாதானம் பேசினார்கள், பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். கேரோலைன் திரும்பிப் போனார். இப்படித் திரும்பிப் போகும் பெண்களை இன்றும் பலர் ஏளனமாகப் பேசுவதுண்டு. அவர்களுக்குக் கேரோலைனின் பதில் மிக எளிமையானது: பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். ஆனால், அந்த ஒரு காரியம் பின்னால் அவருக்கே எதிராக நின்றது. கொடுமை செய்த கணவனோடு மீண்டும் சேர்ந்து வாழ்ந்தால், மனைவி அதை மன்னித்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொண்டது. மன்னித்த குற்றத்தைச் சொல்லி அவர் பிரிவு கேட்க முடியாது.

1836ஆம் ஆண்டு ஈஸ்டர் சமயம். பிள்ளைகளைத் தன் அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போவதாகக் கேரோலைன் சொல்ல, ஜார்ஜ் மறுக்க, தகராறு முற்றியது. கேரோலைன் சகோதரியின் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் மூன்று பிள்ளைகளும் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். தேடிப் போனபோது, அந்த வீட்டின் மேல்மாடியில் அவர்கள் ஓடும் காலடி ஓசை கேட்டது. பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. கடைசி மகன் வில்லியமுக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை.

கேரோலைன் வழக்கறிஞர்களிடம் ஓடினார். அவர்கள் சொன்ன செய்தி அவரைத் தூக்கி வாரிப் போட்டது. அந்தக் காலத்து ஆங்கிலச் சட்டத்தின்படி திருமணமானதும் கணவனும் மனைவியும் ஒரே நபர் ஆகிவிடுவார்கள். அந்த ஒரு நபர் கணவன். மனைவிக்கென்று தனியாகச் சட்டப் பிறவி கிடையாது. அவர் சம்பாதித்தது கணவனுடையது, எழுதிய புத்தகத்தின் உரிமையும் கணவனுடையது. பெற்ற பிள்ளைகள் தந்தையின் காவலுக்கு உட்பட்டவர்கள். தாய் எந்தத் தவறும் செய்யாதவராக இருந்தாலும், பால்குடிப் பிள்ளையையும் தந்தை பிரித்து யாரிடமும் ஒப்படைக்கலாம். மனைவி தன் பெயரில் வழக்குப் போட முடியாது, ஒப்பந்தம் செய்ய முடியாது. முழுமையான மணவிலக்கு வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டும். 1857க்கு முன்பு அப்படி மணவிலக்குப் பெற்ற பெண்கள் நான்கே பேர்.

இது ஏதோ தூரதேசத்துப் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்களாக ஒன்று சேர்ந்த 1826ஆம் ஆண்டிலேயே ஆங்கிலச் சட்டம் கப்பலேறி இங்கும் வந்துவிட்டது. நம் நீதிமன்றங்களின் வேர்கள் அங்கேதான் இருக்கின்றன.

பிள்ளைகளைப் பறித்ததோடு ஜார்ஜ் நிற்கவில்லை. தன் மனைவியோடு தகாத உறவு வைத்திருந்ததாக மெல்போர்ன் பிரபுவின் மேல் 10,000 பவுண்டு நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். மெல்போர்ன் அப்போது பிரதமர்! அரசியல் எதிரிகளின் தூண்டுதல் இதன் பின்னால் இருந்தது என்று பலரும் சந்தேகித்தார்கள். 1836ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் வழக்கு விசாரணைக்கு வந்தது. பழைய வேலைக்காரர்கள் சாட்சி சொன்னார்கள். குறுக்கு விசாரணையில் அவர்களின் சாட்சியம் நிலைக்கவில்லை. நடுவர் குழு கலந்து பேச எழுந்துகூடப் போகாமல், இருந்த இடத்திலேயே மெல்போர்னுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைச் செய்தியாளராக இருந்து எழுதியவர்களில் இளைஞர் சார்லஸ் டிக்கன்ஸும் ஒருவர்.

மெல்போர்ன் பிரதமராகவே வீடு திரும்பினார். கேரோலைனுக்கு என்ன ஆனது? அன்றைய வழக்கு முழுவதும் அவருடைய நடத்தையைப் பற்றியதுதான். ஆனால், சட்டத்தின் கண்ணில் அவர் அதில் ஒரு தரப்பே இல்லை. கணவர் ஒரு தரப்பு, மெல்போர்ன் மறுதரப்பு. கேரோலைன் சாட்சி சொல்லவும் முடியாது, தனக்காக வழக்கறிஞரை நிறுத்தவும் முடியாது. குற்றமற்றவர் என்று நிரூபணமானதும் அவருக்கு உதவவில்லை. மனைவி தவறு செய்யாததால் ஜார்ஜுக்கு மணவிலக்கு கிடைக்காது. கொடுமையை மன்னித்துத் திரும்பிப் போனதால் கேரோலைனுக்கும் வழியில்லை. 28 வயதில், கணவர் வீட்டுக்குள் போகவும் முடியாமல் அந்தத் திருமணத்திலிருந்து வெளியே வரவும் முடியாமல் நின்றார்.

பிள்ளைகள் ஸ்காட்லாந்துக்கு, ஜார்ஜின் சகோதரியின் பொறுப்பில் அனுப்பப்பட்டார்கள். தாயின் கடிதத்தை வாங்கிப் படித்ததற்காக மகனுக்கு அடி விழுந்தது என்ற செய்தி கேரோலைனுக்கு எட்டியது.

அழுதார். பிறகு எழுதினார். தாய்க்குத் தன் பிள்ளைகள் மேல் உள்ள இயற்கையான உரிமையைப் பற்றி 1837இல் ஒரு சிறு நூலை அச்சிட்டு முக்கியமானவர்களிடம் சேர்த்தார். தாமஸ் நூன் டால்ஃபோர்ட் என்ற வழக்கறிஞர் நாடாளுமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவர முன்வந்தார். பிள்ளைக் காவல் வழக்குகளில் வாதாடிச் சட்டத்தின் கடுமையை நேரில் கண்டவர் அவர். 1838இல் மசோதா மக்களவையில் நிறைவேறியது. பிரபுக்கள் அவையில் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் தோற்றது.

அந்த நேரத்தில் ஒரு பத்திரிகை கேரோலைனைப் பெயர் சொல்லியே கேவலமாகத் தாக்கியது. அவதூறு வழக்குப் போடலாம் என்று போனார். திருமணமான பெண் தன் பெயரில் வழக்குப் போட முடியாது. கணவர்தான் போட வேண்டும் என்றார்கள். எந்தக் கணவர்?

அவர் அடுத்து செய்த காரியத்தில்தான் அவருடைய சாமர்த்தியம் தெரிகிறது. பெண் எழுதினால் புலம்பல் என்று ஒதுக்குவார்கள் என்பதை உணர்ந்து, பியர்ஸ் ஸ்டீவன்சன் என்ற ஆண் பெயரில் சட்ட அமைச்சரான லார்டு சான்சலருக்கு விளக்கக் கடிதம் ஒன்றை எழுதினார். உணர்ச்சியைக் குறைத்து, வழக்குகளையும் தீர்ப்புகளையும் எடுத்து வைத்து, சட்டம் தெரிந்தவரின் நடையில் வாதாடினார். அது நாடாளுமன்ற உறுப்பினர்களின் கைகளுக்குப் போனது. 1839ஆம் ஆண்டில் பிள்ளைக் காவல் சட்டம் நிறைவேறியது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும், அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சந்திக்கவும் ஒரு தாய் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். கள்ள உறவுக் குற்றம் நிரூபிக்கப்பட்ட தாய்க்கு மட்டும் அந்த உரிமை இல்லை. இன்று படித்தால் அற்பமாகத் தெரியும். ஆனால், தந்தையின் முழு அதிகாரத்தில் ஆங்கிலச் சட்டம் போட்ட முதல் கீறல் அதுதான்.

அந்தச் சட்டத்தை வரவழைத்தவருக்கே அது கை கொடுக்கவில்லை. அது ஸ்காட்லாந்தில் செல்லாது. பிள்ளைகளோ ஸ்காட்லாந்தில் இருந்தார்கள்.

பிற்பாடு பிள்ளைகள் இங்கிலாந்துக்கு வந்தார்கள். எப்போதாவது பார்க்க முடிந்தது. 1842ஆம் ஆண்டு செப்டம்பரில் யார்க்‌ஷயரில் கடைசி மகன் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்தான். சிறு காயம்தான். அதில் விஷம் ஏறியது. தாய்க்குச் செய்தி தாமதமாகவே போனது. அவர் ஓடி வந்து சேர்ந்தபோது பிள்ளை சவப்பெட்டிக்குள் இருந்தான். அவனுக்கு ஒன்பது வயதுதான். அதன் பிறகே மற்ற இரு மகன்களைத் தாயோடு இருக்க ஜார்ஜ் இடம் கொடுத்தார்.

இதற்கிடையில் ஒரு விநோதம். தீயில் எரிந்துபோன பழைய நாடாளுமன்றத்துக்குப் பதிலாகப் புதிய கட்டடம் எழுந்தது. 1840களின் இறுதியில், பிரபுக்கள் அவையின் சுவரில் நீதியின் உருவத்தை ஓவியமாகத் தீட்டும் பொறுப்பு டேனியல் மக்லீஸ் என்ற ஓவியருக்குக் கிடைத்தது. அந்த நீதி தேவதைக்கு மாதிரியாக அவர் தேர்ந்தெடுத்த முகம் கேரோலைனுடையது. அவருடைய மசோதாவை ஒருமுறை தோற்கடித்த அவையின் சுவரில் அந்த முகம் ஏறியது.

பணத்தைப் பற்றிய போராட்டம் அடுத்து வந்தது. 1848இல் ஜார்ஜுக்கு ஒரு காரியத்துக்காக மனைவியின் கையொப்பம் தேவைப்பட்டது. அதற்குப் பதிலாக ஆண்டுக்கு 500 பவுண்டு கொடுப்பதாக எழுதிக் கொடுத்தார். மூன்று ஆண்டுகளில் கேரோலைனின் தாய் இறந்து மகளுக்குச் சிறிது வருமானம் வைத்துவிட்டுப் போனார். மெல்போர்னும் தம் இறப்புக்குப் பின் ஒரு தொகை கிடைக்க ஏற்பாடு செய்திருந்தார். மனைவிக்குத்தான் பணம் வருகிறதே என்று ஜார்ஜ் கொடுப்பதை நிறுத்தினார். கடன்காரர்கள் கேட்டபோது, கணவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் கேரோலைன். மனைவியின் கடனுக்குக் கணவன்தானே பொறுப்பு? சட்டத்தின் அந்த ஓட்டையை அவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

1853 ஆகஸ்டில், வண்டி பழுது பார்த்த கணக்குக்காக ஜார்ஜ் மேல் போடப்பட்ட வழக்கு வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றத்துக்கு வந்தது. கேரோலைன் சாட்சிக் கூண்டில் ஏறினார். 17 ஆண்டுகளுக்கு முன் பேச வாய்ப்பில்லாமல் இருந்தவர் அன்று பேசினார். வெளிவந்த உண்மை இதுதான்: கணவர் எழுதிக் கொடுத்த 500 பவுண்டு ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. கணவனும் மனைவியும் ஒரே நபர் என்றால், ஒருவர் தன்னோடு தானே எப்படி ஒப்பந்தம் செய்ய முடியும்? அதே சமயம் மனைவியின் வங்கிக் கணக்கையும் பதிப்பாளர் தரும் பணத்தையும் பற்றி விசாரிக்க ஜார்ஜுக்கு உரிமை இருந்தது.

வழக்கு முடிந்த பிறகு இருவரும் பத்திரிகையில் மாறி மாறி எழுதிக்கொண்டார்கள். நண்பர்கள் முகம் சுளித்தார்கள். கேரோலைன் கவலைப்படவில்லை. 1854இல் பெண்களுக்கான ஆங்கிலச் சட்டங்களைப் பற்றி நூல் எழுதினார். உதையும் தேநீர்க் கெண்டியும் அதில்தான் பதிவாயின. 1855இல் விக்டோரியா மகாராணிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். நாட்டை ஆள்பவர் ஒரு பெண், அந்த நாட்டிலோ மணமான பெண்ணுக்குச் சட்டப் பிறவி இல்லை என்ற முரண்பாட்டை மகாராணியின் முன்னாலேயே வைத்தார்.

1857இல் மணவிலக்குச் சட்டம் வந்தது. மணவிலக்கு நாடாளுமன்றத்திலிருந்து நீதிமன்றத்துக்கு மாறியது. கேரோலைன் சுட்டிக்காட்டிய குறைகள் சிலவற்றுக்கு அதில் தீர்வு இருந்தது. கணவன் கைவிட்ட பெண்ணின் சம்பாத்தியம் அவளுக்கே உரியது. நீதிமன்றம் பிரித்து வைத்த மனைவி சொத்து வைத்திருக்கலாம், ஒப்பந்தம் செய்யலாம், தன் பெயரில் வழக்குப் போடலாம். ஜீவனாம்சம் தர நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால், கணவனுக்கு மனைவியின் கள்ள உறவு ஒன்றே போதும். மனைவியோ அதோடு கொடுமை அல்லது கைவிட்டுப் போனது போன்ற இன்னொரு குற்றத்தையும் நிரூபிக்க வேண்டும் என்ற ஓரவஞ்சனை அந்தச் சட்டத்தில் நிலைத்தது.

அடியைப் பற்றி அக்காலத்தில் சட்டமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. பெண்களையும் பிள்ளைகளையும் கடுமையாகத் தாக்குபவனுக்கு ஆறு மாதம் வரை சிறை என்ற சட்டம் 1853லேயே வந்தது. ஆனால், கணவன் சிறைக்குப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆறு மாதம் கழித்து அவன் அதே வீட்டுக்கு, அதே உரிமைகளோடு திரும்புவான். வீட்டை விட்டு ஓடினாலோ கூலியும் பிள்ளையும் அவன் பக்கம். தண்டனைச் சட்டம் எட்டாத அந்த இடத்தைத்தான் கேரோலைன் தொட்டார். நம் நாட்டில் 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டமும் அடித்தவரை எச்சரிப்பதோடு நிற்கவில்லை. வீட்டில் தங்கும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கே கொடுக்க நீதிமன்றம் ஆணையிடலாம் என்கிறது. பிள்ளைகள் விஷயம் இங்கும் மெதுவாகத்தான் நகர்ந்தது. 1961ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தில் தாய்க்கும் தந்தைக்குச் சமமான உரிமை என்று திருத்தம் வந்தது 1999இல்தான்.

கேரோலைனை முழுமையான பெண்ணுரிமைப் போராளி என்று சொல்லிவிட முடியாது. ஆணும் பெண்ணும் சமம் என்று தாம் கேட்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்; பாதுகாப்புதான் கேட்டார். பிரபுக்களையும் அமைச்சர்களையும் அறிந்த செல்வாக்குள்ளவர் என்பதால் அவர் குரல் எட்டியது. கூலிக்காரப் பெண்ணின் குரல் எட்டியிருக்காது. இதற்காக அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், தன் ஒரு வழக்கிலிருந்து தொடங்கி எல்லோருக்குமான சட்டம் வரை நடந்து போனவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

மூத்த மகன் ஃபிளெச்சர் 1859இல் பாரிஸில் இறந்தான். 1870இல் மணமான பெண்களின் சொத்துச் சட்டம் நிறைவேறியது. மனைவி உழைத்துப் பெற்ற கூலியும், எழுதிச் சம்பாதித்த பணமும் அவளுடையதே என்றது அது. கேரோலைனுக்கு அப்போது 62 வயது. எழுதத் தொடங்கி 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

1875இல் ஜார்ஜ் நார்ட்டன் இறந்தார். அதுவரை கேரோலைன் அவர் மனைவியாகவே இருந்தார். 1877ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள், நீண்ட நாள் நண்பரான சர் வில்லியம் ஸ்டர்லிங் மேக்ஸ்வெல் என்பவரை மணந்தார். மூன்றரை மாதம்தான். ஜூன் 15ஆம் நாள் உயிர் பிரிந்தது. கடுமையாகத் தாக்கியதாகத் தண்டனை பெற்ற கணவனிடமிருந்து மனைவியைப் பிரித்து, சிறு பிள்ளைகளையும் ஜீவனாம்சத்தையும் அவளுக்கே கொடுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தரும் சட்டம் அடுத்த ஆண்டு, 1878இல் நிறைவேறியது.